அணை நிறைந்தும் கடைமடைக்கு எட்டாத ஏடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடிச் சீமையில் ஓலைச்சுவடிகள், பழைய அச்சு நூல்கள், கோயில் கணக்குகள், குடும்பப் பத்திரங்கள் இவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்க வேண்டும் என்ற ஆர்வம் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் பெருகியிருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கும் நெல்லைக்கும் வந்துபோன மண் இது. இந்த ஆர்வம் வரவேற்க வேண்டியது. ஆனால் இது பற்றிய பேச்சிலெல்லாம் எத்தனை பக்கம் ஸ்கேன் ஆனது, எத்தனை டெராபைட் டிஸ்க் வாங்கியது என்ற இரண்டு கணக்குகளே வருகின்றன. திசையன்விளையில் ஒருவர் கைபேசியில் அந்த ஏட்டைத் திறந்தால் முதல் பக்கம் எத்தனை நொடியில் கண்ணுக்கு வருகிறது என்ற மூன்றாவது கணக்கை யாரும் கேட்பதில்லை. பாபநாசம் அணை 143 அடி நிறைந்தாலும் மடை சரியில்லை என்றால் கடைமடை வயல் காய்ந்துதான் கிடக்கும். கோப்புக் கிடங்குக்கும் அதே நியாயம்தான். கிடங்குக்கு மடை என்பது, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி என்ற வாசல். அந்த வாசலை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை, பணம் ஒதுக்குகிறவர்களும் டெண்டர் எழுதுகிறவர்களும் படிக்கும்படி உங்கள் இதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அளவு. 16 அங்குல நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள ஓர் ஓலையை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) முழு நிறத்தில் ஸ்கேன் செய்தால் 9600 x 900 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 26 எம்பி. 200 ஓலைக் கட்டு என்றால் இரு பக்கமும் சேர்த்து 400 படம், 10 ஜிபிக்குச் சற்று மேல். மூன்று நகல் வைத்தால் 31 ஜிபி. ஆயிரம் கட்டு சேர்ந்தால் 31 டெராபைட். இந்த இடத்தில்தான் ஒரே கணினி போதாது, பல கணினிகளின் டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கிடங்காகக் காட்டும் பரவல் கோப்பு முறை வேண்டும் என்ற யோசனை எழுகிறது. ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருளின் எச்டிஎஃப்எஸ் (HDFS), கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS), செஃப் (Ceph) ஆகிய மூன்றும் இந்தப் பேச்சில் அடிபடும் பெயர்கள்.

ஒரு நிறுவனத்தின் மொத்த ஆவணமும் நகல் சேர்க்காமல் 10 டெராபைட்டுக்குள் அடங்கும் என்றால் பரவல் கிடங்கு வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. நல்ல சர்வர் ஒன்று, வேறு ஊரில் அதன் நகல் ஒன்று, இரவுதோறும் இரண்டையும் சமன் செய்யும் ஆர்சிங்க் போதும். பரவல் கிடங்கைப் பராமரிக்க அன்றாடம் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத இடத்தில் ஐந்து கணினி வாங்கிப் போடுவது வீண்.

வேண்டும் என்று முடிவாகிவிட்டால் எதை எடுப்பது? எச்டிஎஃப்எஸ் பெரும் தரவுகளில் கணக்குப் போடுவதற்காகப் பிறந்தது. கோப்பை 128 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று கணினிகளில் வைப்பது அதன் வழக்கமான அமைப்பு. சிறிய கோப்புக்கும் 128 எம்பி இடம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, 300 கேபி படம் டிஸ்கில் 300 கேபிதான் எடுக்கும். இடிக்கும் இடம் வேறு. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பேரேட்டை நேம்நோடு என்ற ஒரே கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. கோப்பு ஒன்றுக்கும் துண்டு ஒன்றுக்கும் தலா 150 பைட் அளவு என்பது அந்தத் துறையில் எல்லாரும் போடும் தோராயக் கணக்கு. ஒரு கோடிப் பக்கப் படங்களைத் தனித்தனிக் கோப்பாகப் போட்டால் பேரேடு மட்டும் 3 ஜிபி. நேம்நோடு மந்தமானால் கிடங்கு முழுவதும் மந்தமாகும். ஆகவே பக்கம் பக்கமாகப் போடாமல் ஒரு கட்டுக்கு ஒரு கோப்பு என்று தொகுத்துப் போட வேண்டும்.

எச்டிஎஃப்எஸ்ஸுக்கு வெப்எச்டிஎஃப்எஸ் என்ற எச்டிடிபி வாசல் கூடவே வருகிறது. அதை அப்படியே வெளியுலகுக்குத் திறந்துவிடுவதுதான் நாங்கள் அஞ்சும் முதல் தவறு. ஹடூப் 3இல் நேம்நோட்டின் 9870ஆம் போர்ட்டில் (இணைப்புக் கதவு எண்ணில்) கோப்பைக் கேட்டால் அது கோப்பைத் தராது. 307 என்ற பதிலோடு, "இன்ன டேட்டாநோட்டிடம் (துண்டுகளை வைத்திருக்கும் கணினியிடம்) 9864ஆம் போர்ட்டில் போய்க் கேள்" என்று வேறொரு முகவரியைத் தரும். அந்த முகவரியில் இருப்பது கல்லூரிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் கணினிப் பெயர். வளாகத்துக்குள் சோதித்தால் எல்லாம் சரியாக வேலை செய்யும், வெளியே இருப்பவருக்கு "சர்வர் கிடைக்கவில்லை" என்று வரும். திறப்பு விழாவில் ஓடியது மறுநாள் வீட்டில் ஓடவில்லை என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனைக் காவல் போடாத வெப்எச்டிஎஃப்எஸ், முகவரியில் எழுதிய பயனர் பெயரை அப்படியே நம்பும். நான்தான் நிர்வாகி என்று எவர் எழுதினாலும் அவர் கிடங்கையே அழிக்கலாம். அந்த இரண்டு போர்ட்டுகளும் இணையத்துக்குத் தெரியவே கூடாது.

மாற்று, எச்டிடிபிஎஃப்எஸ் என்ற இடைவாசல். 14000ஆம் போர்ட்டில் நின்று, கேட்டவருக்காகத் தானே உள்ளே போய் எடுத்துவந்து தரும். யாரையும் வேறு கணினிக்கு அனுப்பாது. ஆனால் அத்தனை தரவும் அந்த ஒரு கணினி வழியாகவே போகும். ஆகவே இரண்டு வைத்து, அவற்றின் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஒன்றை நிறுத்தி, படிப்பதற்கான கெட், ஹெட் கோரிக்கைகளை மட்டும் உள்ளே விட வேண்டும். இதிலும் ஒரு குறை உண்டு. கோப்பின் நடுப்பகுதியைக் கேட்க முகவரியிலேயே ஆஃப்செட் (தொடங்கும் இடம்), லெங்த் (நீளம்) என்று எழுத வேண்டும் என்பது வெப்எச்டிஎஃப்எஸ் முறை. பிரவுசர்களுக்கு அந்த மொழி தெரியாது. அவை கோரிக்கையோடு போகும் ரேஞ்ச் என்ற குறிப்பு வரியில், அதாவது ஹெடரில்தான் கேட்கும். போதாக்குறைக்கு, எந்தக் கோப்பையும் "ஏதோ பைட்டுகள்" என்ற பொது வகையாகவே அனுப்புவதால், பிடிஎஃப் பிரவுசரில் விரியாமல் டவுன்லோடு ஆகிவிடும். ரேஞ்சை ஆஃப்செட்டாக மாற்றி, சரியான கோப்பு வகையை எழுதித் தரும் சிறு நிரல் ஒன்று நடுவில் இருந்தே ஆக வேண்டும்.

ஏடு, நூல் காட்டும் வேலைக்கு எச்டிஎஃப்எஸ்ஸைவிடச் செஃப் பொருந்தும். அதன் ரேடோஸ் கேட்வே நேரடியாக எச்டிடிபி பேசும். ரேஞ்சும், கோப்பின் பதிப்பு அடையாளமான ஈடேக்கும் அதற்குத் தெரியும். ஆனால் கிடங்கின் நிலையைக் கண்காணிக்கும் மானிட்டர் நிரல் குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு டிஸ்கின் காவலனுக்கும் 4 ஜிபி நினைவகம் என்பது அதன் இயல்புக் கணக்கு. பழைய மேசைக் கணினிகளைச் சேர்த்துக் கட்ட நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிளஸ்டர்எஃப்எஸ் எளிது, சாதாரண ஃபோல்டர் போல மவுண்ட் ஆகும், என்ஜின்எக்ஸ் அதிலிருந்து நேராகப் பரிமாறலாம். ரெட்ஹேட் நிறுவனம் அதன் விற்பனைப் பதிப்புக்கான ஆதரவை 2024 முடிவோடு நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுக்கட்டும்.

இனி ரேஞ்ச். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வெளியிட இடம் உண்டு என்றால் இதை வெளியிடுங்கள். 200 எம்பி நூல் ஒன்றை ஒருவர் கைபேசியில் இறக்குகிறார். 150 எம்பி வந்ததும் சிக்னல் போகிறது. திரும்ப வந்ததும் கைபேசி, "157286400ஆம் பைட்டிலிருந்து மீதியைத் தா" என்று கேட்கும். வாசல் ஒழுங்காக இருந்தால் 206 என்ற எண்ணோடு "157286400-209715199/209715200" என்று குறித்து மீதி 50 எம்பியை மட்டும் அனுப்பும். ரேஞ்ச் தெரியாத வாசல், 200 என்ற எண்ணோடு முதல் பைட்டிலிருந்து மறுபடி தொடங்கும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் வைத்திருக்கும் மாணவருக்கு இப்படிப் பத்து முறை அறுந்தால் அன்றைய டேட்டா தீர்ந்தது, நூல் வந்தபாடில்லை.

இறக்காமல் பிரவுசரிலேயே படிப்பவருக்கும் ரேஞ்ச்தான் கதி. பிடிஎஃப்பில் எந்தப் பக்கம் எங்கே என்ற அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கும். ரேஞ்ச் இருந்தால் பிரவுசர் வாலை முதலில் வாங்கிப் பார்த்து, வேண்டிய பக்கத்தை மட்டும் கேட்கும். இல்லாவிட்டால் முதல் பக்கம் தெரிய 200 எம்பியும் வந்து சேர வேண்டும். கல்லூரியின் வெளி இணைப்பு 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 10,000 எம்பி; 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். உள்ளே பத்துக் கணினி அடுக்கியிருந்தாலும் இந்த 13 நிமிடம் குறையாது. அதே நூலை லீனியரைஸ் செய்து, அதாவது முதல் பக்கத்துக்கு வேண்டியவை கோப்பின் முன்பகுதியிலேயே இருக்கும்படி திருத்தி அடுக்கி வைத்தால், ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு எம்பியில் முதல் பக்கம் வந்துவிடும். கியூபிடிஎஃப் என்ற இலவச நிரல் இதை ஒரே கட்டளையில் செய்யும். ஸ்கேன் முடிந்த கையோடு எல்லா நூலுக்கும் இதைச் செய்துவிட வேண்டும்.

ரேஞ்சைத் தெரியாமலே கெடுப்பவை இரண்டு. ஒன்று, கோப்பைச் சுருக்கி அனுப்பும் ஜிஜிப். வேகம் கூடும் என்று எண்ணி பிடிஎஃப்புக்கும் படங்களுக்கும் அதைப் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே சுருங்கிய கோப்பு மேலும் சுருங்காது. ஆனால் பறக்கும்போதே சுருக்குவதால் மொத்த நீளம் முன்கூட்டித் தெரியாமல் போய் ரேஞ்ச் செத்துவிடும். எழுத்துப் பக்கங்களுக்கு மட்டும் ஜிஜிப் போதும்.

இரண்டாவது ஈடேக். கோப்பின் இந்தப் பதிப்புக்கு இது அடையாளம் என்று சர்வர் ஒட்டித் தரும் சீட்டு அது. அறுந்த டவுன்லோடைத் தொடரும்போது பிரவுசர் அந்தச் சீட்டையும் காட்டும். சீட்டு ஒத்துப்போனால்தான் மீதி கிடைக்கும், இல்லையேல் முதலிலிருந்து. என்ஜின்எக்ஸ் இந்தச் சீட்டைக் கோப்பின் நேரம், அளவு இரண்டையும் வைத்து எழுதுகிறது. அப்பாச்சி என்ற மற்றொரு வெப் சர்வர், 2.2ஆம் பதிப்பு வரை, டிஸ்க்கில் கோப்புக்குள்ள ஐநோடு எண்ணையும் சேர்த்தது. இரண்டு சர்வர்களில் ஒரே நூலைத் தனித்தனியாக காப்பி செய்து வைத்தால் நேரம் வேறுபடும், சீட்டும் வேறுபடும். முதல் பாதியை ஒரு சர்வரும் மறுபாதியை மற்றதும் தர நேர்ந்தால், கோப்பு ஒன்றேயானாலும் டவுன்லோடு பூச்சியத்துக்குத் திரும்பும். காப்பி செய்யும்போது கோப்பின் பழைய நேரத்தைக் காப்பாற்ற வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும், நேரத்தைச் சமன் செய்யும் என்டிபியால் ஒன்றாக ஓட வேண்டும். கிளஸ்டர்எஃப்எஸ்ஸின் பழைய பதிப்புகளில் ஒவ்வொரு நகலும் தன் கணினிக் கடிகாரப்படி நேரம் குறித்துக்கொள்ளும் என்பதால் அங்கே இது இன்னும் முக்கியம்.

கிடங்குக்கு முன்னால் கேச் வைப்பது, அதாவது அடிக்கடி கேட்பதை வாசலிலேயே சேமித்து வைப்பது பற்றிச் சுருக்கமாக. என்ஜின்எக்ஸின் ஸ்லைஸ் வசதியில் கோப்பை 1 எம்பி துண்டுகளாகக் கேச் செய்யலாம். கேச் லாக்கையும் போட்டால், தேர்வுக் காலத்தில் முந்நூறு பேர் ஒரே நூலைத் திறந்தாலும் ஒரு துண்டுக்கு ஒரு கோரிக்கைதான் கிடங்குக்குப் போகும். கேச் செய்த கோப்பை அதே பெயரில் மாற்றி எழுதவே கூடாது. ஒரு துண்டின் ஈடேக் பழையதாகவும் அடுத்தது புதியதாகவும் இருந்தால் என்ஜின்எக்ஸ் பாதியில் அறுத்துவிடும். திருத்திய ஸ்கேனுக்குப் புதுப் பெயர் கொடுப்பதே வழி. கோப்பை ஏற்றும்போதும் தற்காலிகப் பெயரில் ஏற்றி, ஷா-256 என்ற கோப்புக் கைரேகையைச் சரிபார்த்து, பிறகு உரிய பெயருக்கு மாற்ற வேண்டும். நேராக ஏற்றினால் பாதி ஏறிய நேரத்தில் எவராவது திறக்க, அந்த அரைகுறைக் கோப்பு கேச்சில் உட்கார்ந்துகொள்ளும். என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது என்பதும் நினைவிருக்கட்டும். 26 எம்பி ஓலைப்படம் 413 என்று திரும்பிவந்தால் காரணம் அதுதான்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர் நிறுவனங்கள் தரும் வழிகாட்டிகளில் இது இருக்காது. "திருநெல்வேலி" என்ற சொல் யுனிகோடில் 12 குறிகள். யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் குறிக்கு 3 பைட் வீதம் 36 பைட். இணைய முகவரியில் சதவீதக் குறிகளாக மாறும்போது 108 எழுத்து. லினக்ஸில் கோப்புப் பெயருக்குப் பெரும்பாலும் 255 பைட்தான் எல்லை. தமிழில் 85 குறிகளோடு முடிந்துவிடும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் எழுதும் பழக்கம் இங்கே முட்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. "கொற்கை" என்று எழுதுங்கள். அதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யுனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோப்பு முறைக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும். அதில் ஸ்கேன் செய்த கோப்பு லினக்ஸ் கிடங்குக்கு வந்து, பட்டியலில் உள்ள லிங்க் சேர்ந்த குறியோடு இருந்தால், கோப்பு கண் முன்னே கிடக்க 404 வரும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. ஔகாரத்தில் நீட்டக்குறிக்குப் பதில் "ள" தட்டிவிடுவது தனித் தொல்லை. அதை எந்த நிரலும் தானாகச் சமன் செய்யாது. கிடங்குக்குள் நுழையும் எல்லாப் பெயரையும், சேர்ந்த குறியாக எழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, கோப்புக்கு வெறும் வரவு எண்ணையே பெயராக வைத்து, தமிழ்த் தலைப்பைத் தரவுத்தளத்தில் வைத்து, டவுன்லோடு ஆகும்போது மட்டும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் தமிழ்ப் பெயரைத் தருவது.

கிடங்கு இணைப்பு அறுந்தால் என்ன ஆகிறது என்பதும் கவனிக்க வேண்டிய இடம். கிளஸ்டர்எஃப்எஸ்ஸின் மவுண்ட் கழன்றுவிட்டால் அந்த ஃபோல்டர் வெறுமையாகத் தெரியும். என்ஜின்எக்ஸும் எல்லா நூலுக்கும் 404, அதாவது "அப்படி ஒன்று இல்லை" என்று பதில் சொல்லும். தேடுபொறிகள் அதை நம்பி அந்த நூல்களைத் தம் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். உண்மையில் சொல்ல வேண்டியது 503, "இப்போது முடியவில்லை, பிறகு வாருங்கள்" என்பது. கிடங்கின் உள்ளே ஓர் அடையாளக் கோப்பை வைத்து, அது கண்ணில் படாவிட்டால் எல்லாக் கோரிக்கைக்கும் 503 தரும்படி அமைப்பது அரை மணி நேர வேலை.

நகல்கள் எங்கே இருக்க வேண்டும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி நெல்லைச் சந்திப்புப் பகுதிக்குள் புகுந்ததை இந்த ஊரில் எவரும் மறக்கவில்லை. மூன்று நகலும் ஒரே தரைத்தள அறையில் ஒரே ரேக்கில் இருந்தால், வெள்ளத்துக்கு முன் அது ஒரே நகல்தான். அதற்காக நெல்லையில் ஒரு கணினி, தென்காசியில் ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று என்று ஒரே கிடங்கைப் பரப்பவும் கூடாது. எல்லா நகலும் எழுதியாயிற்று என்று சொன்ன பிறகே எழுத்து முடியும் முறை அது. ஊர்விட்டு ஊர் போய்வரும் தாமதம் ஒவ்வொரு எழுத்திலும் சேரும், இடையில் இணைப்பு அறுந்தால் இரு பக்கமும் தனித்தனியே எழுதிக்கொண்டு எது சரி என்று தெரியாத பிளவு வரக்கூடும். நகல்கள் ஒரே வளாகத்தில், மாடியில், இரண்டு முழு நகலும் பெயர்ப் பேரேட்டை மட்டும் வைத்திருக்கும் ஆர்பிட்டர் கணினி ஒன்றும் என இருக்கட்டும். வெளியூருக்கு ஜியோ-ரெப்ளிகேஷன் மூலம் பின்னாலேயே மெல்லப் போகும் தனிப் படி ஒன்று.

டெண்டர் எழுதுகிறவர்கள் டெராபைட் கணக்கோடு பின்வரும் சோதனைகளையும் ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். வளாக வைஃபையில் அல்லாமல் கைபேசி டேட்டாவில், 200 எம்பிக்குக் குறையாத நூல் ஒன்றை இறக்கத் தொடங்கிப் பாதியில் ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுக்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதே நூலின் 300ஆம் பக்கத்தை நேரே திறந்து, எத்தனை எம்பி செலவானது என்று பார்க்க வேண்டும். "கொற்கை" என்ற பெயரை இரண்டு வடிவிலும் கேட்டு இரண்டிலும் நூல் வர வேண்டும். நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிடங்குக் கணினிகளில் ஒன்றின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்க வேண்டும். படிப்பவருக்குச் சில நொடித் தாமதத்துக்கு மேல் எதுவும் தெரியக் கூடாது. மறுபடி செருகியபின் விடுபட்ட நகல் தானாகச் சரியாகிறதா என்று மறுநாள் பார்த்து, அதன் பிறகு பில்லில் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை.